தங்கத் துகளும் லேசரும்: புற்றுநோய்க் கட்டியைச் சூடாக்கி அழிக்கும் முயற்சி எங்கே நிற்கிறது

"நானோ துகளை ஊசியில் ஏற்றி, மேலே ஒளியைக் காட்டினார்கள், கட்டி மறைந்துவிட்டது." இந்த மாதிரிச் செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. வீட்டில் ஒரு நோயாளி இருந்தால் அதைப் படிக்கிறவரின் மனம் எப்படி அடித்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை. இது உண்மையா, உண்மை என்றால் மருத்துவமனையில் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கத்தான் தோன்றும்.

செய்தி பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அது உண்மையாக இருப்பது எலியின் உடலில். மனித உடலுக்கு வரும்போது சிக்கல் எங்கே என்று பார்த்தால், பலரும் நினைப்பதுபோல அது துகளில் இல்லை. ஒளியைப் பிடித்து வெப்பமாக்கும் துகளைச் செய்யும் வேலை 20 ஆண்டுகளுக்கு முன்பே கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அந்தத் துகளைக் கட்டிக்குள் கொண்டுபோவதும், ஒளியைக் கட்டி இருக்கும் ஆழத்துக்குக் கொண்டுபோவதும்தான் இன்னும் முழுசாக முடியாத வேலை. இது ஏன் இவ்வளவு கடினம் என்பதை அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பம்

ஒளியை வைத்துப் புற்றுநோய்க்குச் செய்யும் சிகிச்சைகள் ஒன்றல்ல. செய்திகளில் இவை கலந்துகட்டி வருவதால் பிரித்துவிடுவது நல்லது.

1. ஒளிவெப்ப சிகிச்சை. இந்தக் கட்டுரை இதைப் பற்றியது. துகள் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் செல்லைக் கொல்கிறது. கொல்வது வெப்பம் மட்டும்தான், வேதிமருந்து எதுவும் தேவையில்லை.

2. ஒளியியக்க சிகிச்சை. இதில் வெப்பம் முக்கியமில்லை. ஒரு மருந்து ஒளி பட்டதும் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு, செல்லைச் சிதைக்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. இது 1990களிலிருந்தே சில புற்றுநோய்களுக்கு அங்கீகாரம் பெற்ற சிகிச்சை. மருந்து தோலிலும் தங்குவதால் நோயாளி சில வாரம் வெயில் படாமல் இருக்க வேண்டிவரும்.

3. ஒளி எதிர்ப்பாற்றல் சிகிச்சை. புற்றுசெல்லின் மேல்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஆன்டிபாடியோடு (நோய் எதிர்ப்புப் புரதம்) ஒளியை உறிஞ்சும் சாயத்தைச் சேர்த்துவிடுவார்கள். ஒளி பட்டதும் செல்சவ்வு கிழிகிறது. ஜப்பான் 2020இல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இதை அங்கீகரித்தது. இதில் நானோ துகள் கிடையாது.

ஆகவே "ஒளி சிகிச்சைக்கு அங்கீகாரம்" என்று எங்காவது படித்தால், இந்த மூன்றில் எது என்று முதலில் பாருங்கள்.

சூடு எப்படிக் கொல்கிறது

நம் உடல் 37 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. காய்ச்சலில் 40 வரை போனாலும் செல்கள் தாக்குப்பிடிக்கும். 41, 42 தாண்டினால் கதை மாறும், செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் தங்கள் வடிவத்தை இழக்கத் தொடங்குகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்துக் கெட்டியாகிறதே, அதே மாற்றம்தான் இங்கேயும் நடக்கிறது. முழுசாக அப்படி ஆகிவிட்ட புரதம் தானாகப் பழையபடி வேலைக்குத் திரும்பாது.

இங்கே வெப்பநிலை மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்துதான் கணக்கு. இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு விதி உண்டு. 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும், அதே சேதத்துக்குத் தேவையான நேரம் பாதியாகிறது. 43இல் ஒரு மணி நேரம் வேண்டியிருந்தால் 44இல் அரை மணி, 45இல் கால் மணி. 60 தாண்டிவிட்டால் நேரக் கணக்கே வேண்டாம், திசு சில நொடிகளில் வெந்துவிடும்.

சரி, இந்தச் சூடு நல்ல செல்லையும் கொல்லுமே? கொல்லும்தான். புற்றுசெல்கள் சூட்டைக் கொஞ்சம் குறைவாகத் தாங்கும் என்பது ஓரளவு உண்மை. அதற்குக் காரணம் கட்டியின் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்திருப்பதும், சூட்டை அள்ளிக்கொண்டு போகும் ரத்தவோட்டம் அங்கே ஒழுங்காக இல்லாததும். ஆனால் 50, 60 டிகிரிக்குப் போய்விட்டால் அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. அப்போது நல்ல திசுவைக் காப்பாற்ற ஒரே வழி, சூடு அங்கே போகாமல் பார்த்துக்கொள்வது. நானோ துகள் தேவைப்படும் இடம் இதுதான்.

ஏன் அகச்சிவப்பு ஒளி

ஒரு டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும், நீலமோ பச்சையோ வெளியே வராது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடுகிறது, சிவப்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. சிவப்பைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போனால் ஹீமோகுளோபினின் தொல்லை இன்னும் குறையும். ஆனால் ரொம்பத் தள்ளிப் போனால் உடலில் இருக்கும் தண்ணீர் ஒளியை விழுங்க ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவில், சுமார் 650 முதல் 950 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளம் வரை, உடல் ஒளியை ஓரளவு உள்ளே விடும் ஒரு இடைவெளி இருக்கிறது. இதை ஒளிச் சாளரம் என்பார்கள். 1000 முதல் 1350 வரை இரண்டாவது சாளரம் ஒன்றும் உண்டு, அங்கே ஒளி குறைவாகச் சிதறும்.

உடல் இந்த ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுவதால், அதே ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும் ஒரு பொருளைக் கட்டிக்குள் மட்டும் வைத்துவிட்டால் என்ன ஆகும்? வழியில் இருக்கும் திசு லேசாகத்தான் சூடாகும், கட்டி மட்டும் கொதிக்கும். முழு யோசனையும் இவ்வளவுதான், எனக்கு இதில் மிகவும் பிடித்ததும் இந்த எளிமைதான். துகள் தனியாக இருந்தால் தீங்கில்லை, ஒளி தனியாகப் பட்டால் தீங்கில்லை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் அழிவு.

தங்கம் ஏன் ஒளியை இப்படிப் பிடிக்கிறது

தங்கம் என்றால் மஞ்சள் என்று நினைக்கிறோம். 10, 20 நானோமீட்டர் அளவுத் துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அதே தங்கம் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857லேயே இதை ஆராய்ந்து, நிறத்துக்குக் காரணம் துகளின் நுண்ணிய அளவுதான் என்று சொன்னார்.

உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஒரே அணுவோடு கட்டிப்போடப்படாமல் சுதந்திரமாக உலவுகின்றன. ஒளி என்பது மின்புலத்தின் அலை. ஒளியின் அலைநீளத்தைவிடத் துகள் மிகச் சிறியதாக இருக்கும்போது, அதன் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அந்த அலையோடு முன்னும் பின்னும் ஆடும். ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளினால் உயர உயரப் போகிறதே, அதுபோல ஒரு குறிப்பிட்ட நிற ஒளிக்கு மட்டும் இந்த ஆட்டம் உச்சத்துக்குப் போகும். இதற்குப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பெயர். ஆடும் எலக்ட்ரான்கள் அந்த ஆற்றலை அணுக்களிடம் விட்டுவிடுகின்றன, துகள் சூடாகிறது, சூடு சுற்றியிருக்கும் நீருக்குப் போகிறது.

உருண்டையான தங்கத் துகளுக்கு இந்தத் தாளம் சுமார் 520 நானோமீட்டரில் விழுகிறது, அதாவது பச்சை ஒளியில். உடலுக்குள் பச்சை நுழையாது, அதனால் அது நமக்கு உதவாது. ஆனால் துகளின் வடிவத்தை மாற்றினால் தாளமும் மாறும். ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் குழுவினர் சிலிக்கா உருண்டை ஒன்றின் மேல் மெல்லிய தங்க ஓடு போர்த்திய துகளைச் செய்தார்கள். ஓட்டின் தடிமனை மாற்றி மாற்றி, உறிஞ்சும் நிறத்தை அகச்சிவப்புக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எலியின் கட்டியை இந்தத் துகளாலும் அகச்சிவப்பு லேசராலும் சூடாக்க முடியும் என்று 2003இல் காட்டினார்கள். அப்புறம் தங்கக் குச்சிகள் வந்தன. அகலத்தைவிட நீளம் சுமார் நான்கு மடங்கு இருந்தால் 800 நானோமீட்டர் பக்கத்தில் உறிஞ்சும்.

தங்கம் மட்டும்தான் என்றில்லை. போட்டியில் இருக்கும் மற்றவை:

1. கார்பன் நானோகுழாய்களும் கிராஃபீன் ஆக்சைடும். ஒளியை அகலமாக, எல்லா நிறத்திலும் உறிஞ்சும். ஆனால் நீளமான, விறைப்பான நானோகுழாய்கள் எலிகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையைப் போல அழற்சி உண்டாக்கியது 2008இல் தெரியவந்தது. அந்தக் கவலை இன்னும் போகவில்லை.

2. பாலிடோபமைன். நம் தோலிலும் முடியிலும் இருக்கும் மெலனின் போன்ற பொருள், உடலில் மெல்லச் சிதையக்கூடியது. தங்கம் அளவுக்கு ஒளியைப் பிடிக்காவிட்டாலும் இதை அலட்சியப்படுத்த முடியாது.

3. கருப்பு பாஸ்பரஸ். உடலில் பாஸ்பேட்டாகச் சிதைந்துபோகும், அது நல்லது. காற்றும் ஈரமும் பட்டாலே சிதையத் தொடங்கிவிடும், அது தொந்தரவு.

4. இண்டோசயனின் பச்சை. இது நானோ துகள் அல்ல, சாயம். 1959 முதல் மருத்துவத்தில் இருக்கிறது, 800 நானோமீட்டர் பக்கத்தில் உறிஞ்சும். தனியாக ஏற்றினால் கல்லீரல் சில நிமிடங்களில் வெளியேற்றிவிடும் என்பதால் கொழுப்பு உறைகளுக்குள் அடைத்து அனுப்பிப் பார்க்கிறார்கள்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒவ்வொரு புதுப் பொருளும் "ஒளியை வெப்பமாக்கும் திறன் இத்தனை சதவீதம்" என்ற எண்ணோடு வருகிறது. அந்த எண்ணைக் கூட்டுவதில் இவ்வளவு பேர் உழைப்பைக் கொட்டுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தடை அங்கே இல்லையே!

முதல் தடை: கட்டிக்குப் போய்ச் சேர்வது

புற்றுநோய்க் கட்டி அவசர அவசரமாக ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அந்தக் குழாய்ச் சுவரில் ஓட்டைகள் இருக்கும், நானோ துகள் அதன் வழியாகக் கசிந்து உள்ளே போகும். வடிகாலும் சரியில்லாததால் உள்ளேயே தங்கிவிடும். 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேடாவும் சொன்ன இந்தக் கருத்தின் மேல்தான் நானோ மருத்துவத்தின் பெரும்பகுதி கட்டப்பட்டது.

2016இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சானின் குழு, அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஒரு கேள்வி கேட்டது: ஏற்றிய துகளில் எவ்வளவு கட்டிக்குப் போய்ச் சேர்கிறது? கிடைத்த இடைநிலை மதிப்பு (முடிவுகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்) 0.7 சதவீதம். ஆயிரம் துகள் ஏற்றினால் ஏழு. அதே குழு 2020இல் இன்னொன்றையும் காட்டியது. கட்டிக்குள் நுழையும் துகள்களில் பெரும்பாலானவை ஓட்டை வழியாகக் கசிந்து போவதில்லை, குழாய்ச் சுவரின் செல்களே அவற்றை உள்ளே கடத்துகின்றன. அப்படியானால் ஓட்டையின் அளவுக்கு ஏற்றபடி துகளைச் சிறிதாக்கினால் போதும் என்ற பழைய கணக்கு ஆட்டம் காண்கிறது.

மீதி 993 எங்கே போகிறது? பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும். ரத்தத்தில் அந்நியமான எதைப் பார்த்தாலும் பிடித்து விழுங்கும் செல்கள் அங்கே காவல் நிற்கின்றன. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டுமானால் துகள் சுமார் 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். ஒளிவெப்ப சிகிச்சைக்கான தங்கத் துகள்கள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. தங்கம் உடலில் எளிதில் கரையாது, சிதையாது, அதனால் மாதக்கணக்கில், அதற்கு மேலும் கல்லீரலில் தங்கியிருக்கும். தங்கம் வேதியியல்படி சாதுவானது என்பதால் உடனடித் தீங்கு தெரிவதில்லை. ஆனாலும் ஒருவர் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கும் பொருளுக்கு ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு தேவை, அதைச் சுருக்க வழியில்லை.

துகளின் மேல்பூச்சும் கவனிக்க வேண்டிய விஷயம். தங்கக் குச்சி செய்யப் பயன்படும் சோப்பு போன்ற ஒரு வேதிப்பொருள் செல்களுக்கு நஞ்சு. அதை நீக்கிவிட்டு உடலுக்கு ஒத்துப்போகும் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற ஒன்றைப் பூச வேண்டும். அது அரைகுறையாக நடந்தால், ஆய்வகத்தில் "துகள் புற்றுசெல்லைக் கொன்றது" என்று தெரிவதில் ஒரு பகுதி அந்த நஞ்சின் வேலையாகக்கூட இருக்கலாம்.

இரண்டாம் தடை: ஆழம்

ஆய்வக எலியில் கட்டியை எங்கே வளர்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் தோலுக்கு அடியில், முதுகுப்பக்கம், சில மில்லிமீட்டர் அளவில். மேலிருந்து லேசர் அடித்தால் கட்டி முழுக்க நனைந்துவிடும். மனிதரில் கணையம், கல்லீரல், நுரையீரல் என்று கட்டிகள் பல சென்டிமீட்டர் உள்ளே இருக்கின்றன. ஒளிச் சாளரம் என்று சொன்னாலும் அது கண்ணாடிச் சாளரம் அல்ல. ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் ஒளி சிதறிக்கொண்டே போகிறது, ஓரிரு சென்டிமீட்டருக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது.

அப்படியானால் லேசரின் வலிமையைக் கூட்டலாமே என்றால், தோல் வெந்துபோகும். 808 நானோமீட்டர் லேசரைத் தோல் மேல் பாதுகாப்பாகக் காட்டும் வரம்பு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.33 வாட். எலி ஆய்வுகள் பலவற்றில் 1 வாட், 2 வாட் வரை காட்டியிருப்பார்கள். செய்தி எழுதுகிறவர்கள் இந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் சாளரத்தில் 1064 நானோமீட்டருக்கு வரம்பு சுமார் 1 வாட் என்பதால் ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் நகர்கிறார்கள், அது உருப்படியான நகர்வு.

நடைமுறையில் இருக்கும் இன்னொரு வழி, ஒளியை வெளியிலிருந்து அடிக்காமல் மெல்லிய ஒளியிழையை ஊசி போலக் கட்டிக்குள்ளேயே செருகுவது. அப்படிச் செய்தால் ஆழம் பிரச்சினை இல்லை. ஆனால் "ஊசி போட்டு விளக்கைக் காட்டினால் போதும்" என்ற கற்பனை போய்விடும், இது சிறிய அளவில் ஒரு அறுவைச் செயல்முறை ஆகிவிடும்.

மூன்றாம் தடை: ஓரம்

கட்டியின் நடுவில் 60 டிகிரி இருக்கும்போது ஓரத்தில் 44 இருக்கலாம். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடினால் அது சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். துகளும் கட்டி முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை, ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் குவிந்து, உள்ளே போகாமல் நின்றுவிடும். அரைகுறையாகச் சூடான செல் சாகாமல் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. இவை கலைந்த புரதங்களை மீண்டும் மடித்துச் சரிசெய்பவை. அப்படித் தேறிய செல் அடுத்த முறை சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். கட்டி திரும்ப வளர்வது பெரும்பாலும் இந்த ஓரத்திலிருந்துதான். அதனால் சிகிச்சை நடக்கும்போதே உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. மூலமோ நுண்ணிய வெப்பமானி ஊசி மூலமோ இதைச் செய்ய முடியும்.

மனிதர்களில் இதுவரை

மிகவும் முன்னால் போயிருப்பது அந்த ரைஸ் பல்கலைக்கழகத் தங்க ஓட்டுத் துகள்தான். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில், வேறெங்கும் பரவாத, அவ்வளவு தீவிரமில்லாத புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் உள்ளவர்களிடம் சோதித்தார்கள். துகளை ரத்தநாளத்தில் ஏற்றி, ஒரு நாள் இடைவெளி விட்டு, எம்.ஆர்.ஐ. படத்தையும் அல்ட்ராசவுண்டையும் சேர்த்து வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஒளியிழையைச் செருகி 810 நானோமீட்டர் லேசரைச் செலுத்தினார்கள். 2019இல் வெளியான முதல் முடிவில் 16 பேரில் 15 பேருக்குச் சிகிச்சை முழுமையாக நடந்தது. ஓராண்டு கழித்து அவர்களில் 13 பேருக்குச் சிகிச்சை செய்த இடத்தில் புற்றுநோய் தென்படவில்லை. சிறுநீர் கழிப்பதிலும் பாலியல் செயல்பாட்டிலும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. புரோஸ்டேட் அறுவை செய்துகொண்டவர்களைக் கேட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

பிறகு கூடுதல் நோயாளிகளோடு வந்த முடிவில், 44 பேரில் 32 பேருக்கு, அதாவது 73 சதவீதம் பேருக்கு, ஓராண்டுத் திசுப் பரிசோதனையில் சிகிச்சை செய்த இடம் சுத்தமாக இருந்தது. 15 பேரில் 87 சதவீதமாக இருந்தது 44 பேரில் 73 ஆனது. சிறிய சோதனையின் எண்ணைப் பெரிய சோதனை இப்படிக் கீழே இழுப்பது வழக்கம்தான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நான்கில் மூன்று என்பதும் நல்ல முடிவுதான். ஆனால் "சிகிச்சை செய்த இடத்தில்" என்ற சொற்களைத் தவறவிடாதீர்கள். சுரப்பியின் வேறு பகுதியில் புற்றுநோய் இருக்கிறதா, பின்னாளில் வருமா என்பதற்கு இந்த எண் பதில் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இந்தச் சோதனையில் இல்லை. துகள் இல்லாமல் வெறும் லேசரால் கட்டியைச் சுடுவதும் ஏற்கனவே நடைமுறையில் இருப்பதால், துகள் சேர்ந்தது எவ்வளவு கூடுதல் பலன் தந்தது என்பதை நேரடி ஒப்பீடு இல்லாமல் அளந்து சொல்ல முடியாது.

புரோஸ்டேட் ஏன் முதலில் என்பதற்கும் காரணம் இருக்கிறது. சிறிய உறுப்பு, ஊசி போய்ச் சேரும் இடம், எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரியும். மூன்று தடைகளும் அங்கே கொஞ்சம் தளர்கின்றன. கணையத்திலோ மூளையிலோ அப்படி இல்லை.

பரவிய புற்றுநோய்க்கு?

ஒளி படும் இடத்தில்தான் வேலை நடக்கும் என்பதால், உடலெங்கும் பரவிய நோய்க்கு ஒளிவெப்பம் தனியாகப் பயன்படாது. எங்கே இருக்கிறது என்றே தெரியாத சிறு கட்டிகளுக்கு ஒளியை எங்கே காட்டுவது?

இங்கே ஒரு சுவையான திருப்பம் இருக்கிறது. சூட்டில் சாகும் புற்றுசெல் உடைந்து தன் உள்ளடக்கத்தை வெளியே கொட்டுகிறது. அதுவரை மறைந்திருந்த புற்றுநோய்ப் புரதங்களை நோய் எதிர்ப்பு செல்கள் அப்போது அடையாளம் கண்டுகொள்ளலாம். எதிர்ப்பாற்றலின் பிரேக்கைத் தளர்த்தும் மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஒளியே படாத தூரத்துக் கட்டிகளும் எலிகளில் சுருங்கியிருக்கின்றன. இதில் வெப்பநிலை கறாராகப் பொருந்த வேண்டும். ரொம்பச் சூடாக்கினால் புரதமே உருக்குலைந்து அடையாளம் காண எதுவும் மிஞ்சாது, குறைந்தால் செல் பிழைத்துக்கொள்ளும். இந்த இடைப்பட்ட வெப்பத்தைக் கட்டி முழுக்க எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று கேட்டால், மேலே சொன்ன ஆழமும் ஓரமும் மீண்டும் வந்து நிற்கின்றன.